தாடிக்காரனிடம் மாட்டிய சோப்பு

ஒன்பது நாளாகியும் சோப்பு டப்பா ஆர்லோ வீட்டை விட்டு நகரவில்லை.

நாங்கள் ஐந்து கிழவர்கள். இன்னும் பிரஷ், கிண்ணம் வைத்து நுரை குழைத்துச் சவரம் செய்கிறவர்கள். அக்டோபர் வந்தால் ஒரே டப்பா ஐந்து வீட்டுக்கும் சுற்றும். ஆளுக்கு ஒரு சவரம். எடுப்பது ஒரு பாதாம் அளவு. மணத்தைப் பற்றிச் சீட்டில் ஒரு வரி. அவ்வளவுதான் சட்டம்.

இந்த வருஷத்து சோப்பு கரும்பழுப்பு. மழை நனைத்த மண், மக்கிய மேப்பிள் இலை, எங்கோ கொஞ்சம் புகை. முகத்தைக் கழுவ மனசு வராமல் அரைமணி நேரம் நுரையோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அடுத்த மெரில் சீட்டில் எழுதினான்: "என்னை இதிலேயே புதைச்சிடுங்க."

மூன்றாவது ஆர்லோ. நெஞ்சு வரை தாடி. கழுத்தில் நாலு விரல் சிரைப்பதோடு சரி.

"காட்டுக்கு எதுக்குடா சோப்பு?" என்றான் மெரில்.

அடுத்த முறை டுவைட்டுடையது. கொதித்தான். "வித்துட்டான்யா. இந்த சோப்பைச் செஞ்சவன் இனிமே செய்ய மாட்டேன்னுட்டானே, நல்ல விலை போகும்."

"சே, பாவம். வீட்ல கருகின ரொட்டி தின்னு காலம் தள்றவன்" என்றான் மெரில்.

அது உண்மை. ஆர்லோ மனைவி லொரெட்டாவுக்கு இரண்டு வருஷம் முன்பு காய்ச்சல். அதோடு வாசனை தெரிவது போய்விட்டது; அடுப்பில் ரொட்டி கருகினாலும் தெரியாது.

"பாவமாவது! இன்னிக்கு டப்பா வரலேன்னா சீட்டுலேர்ந்து அவன் பேரை அடிச்சிடுவோம். எவ்ரெட், நீ போ."

மழையில் போனேன்.

கதவைத் திறந்த ஆர்லோவுக்கு முழங்கை வரை நுரை. மேஜையில் ஆறு கிண்ணம், ஆறிலும் நுரை. டப்பாவில் அடி தெரிந்தது.

"என்னய்யா, மாட்டைக் குளிப்பாட்டறியா?"

"உஷ். முதல்ல கதவைச் சாத்து. மணம் போயிடும்."

"யோவ், டுவைட்டுக்கு என்ன பதில்..."

"செவ்வாய்க்கிழமை கழுத்துக்குக் குழைச்சேன். அவ சமையல்கட்டுலேர்ந்து கேட்டா, 'யாரு இலை எரிக்கிறது?'ன்னு." தாடி ஆடியது. "அன்னிலேர்ந்து பிரஷ்ஷைக் கீழ வைக்கலை. நிறுத்தினா மறுபடி போயிடுமோன்னு பயம்."

நான் வாய் திறப்பதற்குள் உள்ளிருந்து லொரெட்டாவின் குரல்.

"ஆர்லோ, யாரு வந்திருக்கா? நனைஞ்ச நாய் நாத்தம் அடிக்குதே."

என்னிடம் நாய் கிடையாது. பத்து வருஷமாகத் துவைக்காத கம்பளிக் கோட்டு உண்டு.

ஆர்லோ என்னைப் பார்த்தான். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தான். எனக்கு முட்டி வலி. நானும் குதித்தேன். சுவரெல்லாம் நுரை.

மூச்சு அடங்கியதும் டுவைட்டுக்குப் போன் போட்டேன்.

"டப்பா காலி. தீர்த்தது நான். என் பேரை அடிச்சுக்கோ."

பிறகு உள்ளே போய், லொரெட்டாவின் மூக்குக்கு நேரே கோட்டை இரண்டு தடவை நன்றாக உதறினேன்.