கடைசி மெட்டின் சரணம்

பாடகரைக் கொன்றது யார் என்று முப்பது பேட்டி எடுத்தும் பிடிபடவில்லை. முதல் ஆவணப்படமே ஊத்திக்கொள்ளுமோ என்று இயக்குநர் பெண் பயந்தாள். பேட்டிக்கு மிச்சமிருந்தவர், பாடகருக்குப் பல வருடம் வாசித்த வயலின்காரர்.

"கொலை நடந்த அன்னைக்கு நான் ஊர்லயே இல்லம்மா" என்றார் கேமராவைப் பார்த்து.

அவள் பாடகரின் டேப் ஒன்றை ஓடவிட்டாள். பல்லவி முடிந்ததும் நிறுத்தினாள். "என்ன மெட்டு சார்! மேதைன்னா அவர்தான்!"

"மண்ணாங்கட்டி! சரணத்துல கோட்டை விட்டானே! மாத்துடான்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டானா?" என்று சரணத்தை முழுசாகப் பாடியே காட்டினார்.

"சார், இந்த மெட்டை அவர் சாகற அன்னைக்குத்தான், கொலை நடந்த அறையில உட்கார்ந்து போட்டார். பல்லவியோட டேப் தீர்ந்துபோச்சு."

வயலின்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப, சரணத்தை வேற யாருமே கேட்டதில்லையா?"