சிவக்காத தாள்

சிப்ஸ் கம்பெனியில் எண்ணெய்க்கும் ஆளுக்கும் ஒரே சோதனைத் தாள்தான். கடாயில் எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை அடிப்பதுபோல, மனசு நொந்தால் உடம்புக் கொழுப்பும் உள்ளுக்குள் கெடுமாம். எச்சிலைத் தொட்டு வைத்தால் தெரிந்துவிடுமாம். தாள் சிவந்தால் எண்ணெயைக் கொட்டுவார்கள், ஆளை நிறுத்திவிடுவார்கள்.

சேவியர் செத்த எட்டாம் நாள் அவன் அம்மா ஆரோக்கியமும் பெண்டாட்டி பிலோமினாவும் வேலைக்குத் திரும்பினார்கள். மாமியாரின் தாள் ரத்தமாய்ச் சிவந்தது. வேலை போயிற்று. வீட்டில் அடுப்பெரிய ஒருத்தியாவது உள்ளே போகணுமே என்று பிலோமினா, சோதனைக்குத் திறந்துவைத்திருந்த புது எண்ணெய் டின்னில் தன் தாளை யாருக்கும் தெரியாமல் முக்கி நீட்டினாள். அது வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஆரோக்கியம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். “எம்புள்ள செத்ததுல உனக்கு ஒண்ணுமே இல்லியா ஏட்டி?”

சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றதால் பிலோமினா வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செய்ததைச் சொல்லி அழுதாள். மத்தியானம் ஒரு தாளைத் திருடி, தன் எச்சிலைத் தொட்டு, மடியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். “இதப் பாருங்க அத்தை.” மாமியாருடையதைவிட அது சிவந்திருந்தது.

ஆரோக்கியம் வாங்கி மோந்து பார்த்தாள்.

“இத எந்தக் கெட்டுப்போன எண்ணெயில முக்குன?”