கடைசியாக மேடை ஏறியவர்கள்

உருளைக்கிழங்கை சூட்டோடு உரித்தால்தான் தோல் கழன்று வரும். விரல் பொரிகிறது. இன்று கிழங்கை மாவுக்குள் வைத்து மடித்துப் பொரிக்கிற எம்பனாடா அறுபது போட வேண்டும். சாயங்காலம் மெடெயின் நகரத்திலிருந்து ஒரு பாட்டுக் குழு வருகிறது.

"இவங்களாவது ஒழுங்கா பாடிட்டுப் போவாங்களா? இல்ல, போன வாரம் வந்ததுங்க மாதிரி திமிர் பிடிச்சதுங்களா?" என்றேன்.

மக்காச்சோள மாவு பிசைந்துகொண்டிருந்த நூபியா அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இந்தக் கூடம் அவருடையது. நாற்பது நாற்காலி, முழங்கால் உயர மேடை, பின்னால் இந்தச் சமையல்கட்டு. அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை தெற்கே பாஸ்தோ ஊரிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர் பாட வந்தார்கள். பதினைந்து மணி நேரம் பஸ்ஸில். அக்காள் சலோமே கிட்டாரை வைத்துவிட்டு நேராகச் சமையல்கட்டுக்கு வந்து, அடுப்பில் குளிர் காய்ந்தாள். என் மகளைத் தூக்கிக் கொஞ்சினாள்.

"குட்டி எப்ப தூங்குவா?"

"எட்டரைக்கு எங்களுக்குக் கடைசி பஸ், அக்கா. ஏறுனதும் தூங்கிருவா."

"அப்ப நீ பாட்டு எப்பக் கேப்ப?"

நான் தலையைக் குனிந்து சிரித்து வைத்தேன். புது ஆளிடம் எனக்குப் பேச்சு வராது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க்காரர்கள் ஏழு மணிக்கு ஏறுவார்கள். உள்ளூர்க் குழு எட்டரைக்கு, கடைசியில்; அதுதான் கௌரவம். உள்ளூர்க்காரனைப் பார்க்க வந்த சொந்தமும் சிநேகிதமும் அவன் வாசிக்கும்வரை உட்கார்ந்திருக்கும். வெளியூர்க்காரனுக்கும் கூட்டம் கிடைக்கும்.

அன்று அது மாறிப்போனது. என் புருஷன் வில்மரின் குழுவை முதலில் ஏறச் சொன்னார்கள். பாஸ்தோக்காரிகள் கடைசி மேடை கேட்டார்களாம்.

வில்மருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் ஏறினார், டிரம்ஸ் வாசித்தார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தேன். வீட்டில் மேசையைத் தட்டித் தட்டி என்னிடம் திட்டு வாங்குகிற மனுஷனா இது என்று இருந்தது. மகள் "அப்பா! அப்பா!" என்று கத்தியதில் கூட்டமே சிரித்தது.

இறங்கி வந்தவர் வேர்வையைத் துடைத்தபடி கத்தினார்.

"கடைசி மேடைதான் வேணுமாம் மகாராணிங்களுக்கு! வாங்கடா, எல்லாரும் போவோம். யாருக்குப் பாடுறாங்கன்னு பாத்துருவோம்."

அத்தனை பேரும் எழுந்தார்கள். நானும்தான்.

வாசலில் திரும்பிப் பார்த்தேன். மேடையில் கிட்டார் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்த சலோமே என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். 'எப்படி?' என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினாள். இவ்வளவு பேர் எழுந்து போகும்போதும் என்ன அலட்டல் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது நூபியா அக்கா மாவுக் கையை உதறினார்.

"யுரானி, இங்க எத்தனை வருஷமா வேலை செய்யுற?"

"மூணு."

"அதுல எத்தனை தடவை வில்மர் வாசிச்சுப் பாத்திருக்க?"

"எட்டரை பஸ்ஸ விட்டா வீட்டுக்கு எப்படிக்கா போறது? போன வாரம் ஒரு தடவைதான்…"

சொல்லும்போதே என் கை நின்றுவிட்டது.

"அதேதான் என்கிட்ட சலோமேயும் கேட்டா. ஒரு தடவைகூட இல்லன்னேன். 'அப்ப நாங்க கடைசியில ஏறுறோம், அவ பாத்துட்டுப் போகட்டும்'னா. கூட்டம் எந்திரிச்சுப் போயிரும்டின்னு சொன்னேன். கேக்கல."

"ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா கூச்சப்பட்டு வேண்டாம்னுருவியாம். நீங்க எல்லாம் எந்திரிச்சப்பக் கத்திச் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். மேடையிலிருந்தே தலையாட்டித் தடுத்துட்டா. அப்புறம் நாற்பது நாற்காலிக்கும் எனக்கும் பாடினாங்க. ஒரு பாட்டைக்கூடக் குறைக்கல."

உருளைக்கிழங்கு ஆறிப்போய்விட்டது. இனித் தோல் வராது.

கூடத்தில் டிரம்ஸை இறக்கும் சத்தம். மெடெயின்காரர்கள் வந்துவிட்டார்கள் போல. வில்மர் அவர்களோடு சிரித்துப் பேசுவது கேட்கிறது.

"யுரானி! இங்க வா! போன வாரம் ரெண்டு மகாராணிங்க வெறும் நாற்காலிக்குப் பாடுன கதைய இவங்களுக்கு நீயே சொல்லு!"

கையைத் துடைத்துக்கொண்டு எழுகிறேன். நாலு பேர் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை. ஆனாலும் போய்ச் சொல்லத்தான் வேண்டும், அந்த மகாராணிகள் அன்றைக்கு யாருக்காகக் கடைசியில் ஏறினார்கள் என்று.