சிவப்புப் பொட்டு வைத்த பல்பு

"அங்கிள்ஜி, இது நான் வித்த பல்பு இல்லை" என்றார் கரோல் பாக் கடைக்கார சர்தார்ஜி.

வெங்கடேஸ்வரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"போன மாசம் இதே இடத்துல நின்னு வாங்கிட்டுப் போனேன். அதுக்குள்ள ஃபியூஸ். கேட்டா, உங்களுது இல்லையா?"

சர்தார்ஜி பதறவில்லை. கல்லாப் பக்கத்தில் இருந்த நெயில் பாலிஷ் குப்பியை எடுத்துக் காட்டினார்.

"என் கடையை விட்டு வெளியே போற ஒவ்வொரு பல்புக்கும் அடியில ஒரு சிவப்புப் பொட்டு வைப்பேன். வேற கடைச் சரக்கைக் கொண்டுவந்து யாரும் என் தலையில கட்டக் கூடாது, பாருங்க. இதுல பொட்டு எங்கே?"

வெங்கடேஸ்வரன் பல்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொட்டு இல்லை.

"நல்லதை உருவிட்டு செத்ததை மாட்டியிருக்கான். உங்க பில்டிங்லயே ஆள் இருக்கான், அங்கிள்ஜி."

அவருடைய பழைய ஜாவா மோட்டார் சைக்கிளுக்கு ஆறு வோல்ட் பல்புதான் வேண்டும். இப்போது கிடைப்பதெல்லாம் பன்னிரண்டு. அதை மாட்டினால் எண்ணெய் தீர்ந்த அகல் மாதிரி மினுங்கும். இத்தனைக்கும் டில்லியில் அந்த வயசு வண்டியை ரோட்டில் எடுக்கச் சட்டம் விடாது. காலையில் கீழே போய் ஸ்டார்ட் செய்வார். விளக்கைப் போட்டு, எதிர்ச்சுவரில் வெளிச்சம் விழுவதைப் பார்ப்பார். அணைத்துவிட்டு மேலே வந்துவிடுவார். ரிடையரான பிறகு அவர் பார்க்கிற உத்தியோகம் அது ஒன்றுதான். மிச்சப் பொழுது பால்கனி நாற்காலியில்.

அந்த வெளிச்சத்திலும் ஒருவன் கை வைத்துவிட்டான்.

மெட்ரோ அவர் குடியிருக்கும் மயூர் விஹார் வந்து சேர்வதற்குள் திருடனைக் கண்டுபிடித்துவிட்டார். வண்டி நிற்கிற மூலைக்குப் போகிறவன் ஒருத்தன்தான். கார் துடைக்கிற மூக்கன். விழுப்புரம் பக்கத்து ஆள். தமிழ் ஆள் என்று அபார்ட்மென்ட் சொசைட்டியில் பேசி அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே வெங்கடேஸ்வரன்தான்.

மூக்கன் ஒரு காரின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மூக்கா, என் வண்டி பல்பைக் கழட்டினது யாருடா?"

மூக்கன் துணியைப் பிழிந்தான். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

அவன் நிமிர்ந்து மூன்றாவது மாடியில் வெங்கடேஸ்வரன் வீட்டு பால்கனியைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான் சார்."

காய்கறிப் பையோடு உள்ளே வந்த சொசைட்டி செக்ரட்டரி சுஷ்மா நின்றுவிட்டாள்.

"அச்சா! ஒத்துக்கிட்டானா? இன்னிக்கு பல்பு, நாளைக்கு கார் பேட்டரி. கேட்ல சொல்லிடறேன் அங்கிள், நாளையிலேருந்து இவனை உள்ள விடவேண்டாம்."

"வித்துட்டியா?" என்றார் வெங்கடேஸ்வரன்.

"இல்ல சார்."

"பின்ன எதுக்குடா?"

"எதுக்கும் இல்ல சார். கழட்டினது நான்தான். விட்டுடுங்க."

"நம்மாளுன்னு சேத்துவிட்டேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்."

லிஃப்ட் கதவு திறந்தது. பால்கனியிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி சுந்தரவல்லி வந்தாள். புடவை முந்தானையில் ஈரக் கையைத் துடைத்த அடையாளம். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா.

"அவனை விடுங்க. கழட்டித் தரச் சொன்னது நான்."

மூடியைத் திறந்தாள். பஞ்சுக்குள் பல்புகள் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்புப் பொட்டு.

வெங்கடேஸ்வரன் டப்பாவுக்குள் குனிந்து பார்த்தார்.

"உனக்கென்ன பைத்தியமா? இந்த வெயில்ல கடை கடையா நாயா அலையறேன்!"

"அலையற அன்னிக்குத்தான் மனுஷனா வீட்டுக்கு வர்றீங்க. சர்தார்ஜி என்ன சொன்னார், மெட்ரோவுல எவன் எவனோட சண்டை போட்டான், எல்லாம் தட்டு காயற வரைக்கும் சொல்றீங்க. மத்த நாள்ல உப்பு வேணும்னாக்கூட வாயத் திறக்கறதில்லை. கையைத்தான் நீட்டறீங்க." குரல் இறங்கியது. "நான் யாரோட பேசறது?"

சுஷ்மா காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"சுஷ்மா, கேட்ல ஒண்ணும் சொல்லவேண்டாம். தப்பு என்னோடது" என்றார் வெங்கடேஸ்வரன்.

"அச்சா அங்கிள்" என்று அவள் நழுவினாள்.

மூக்கன் மறுபடி துணியை வாளியில் முக்கினான்.

"அம்மா சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா" என்றார் வெங்கடேஸ்வரன்.

"எப்படி சார்? எனக்கு வேலை போனா வேற காலனி பாத்துக்குவேன். உங்களுக்கு விஷயம் தெரிஞ்சா, அம்மாவுக்கு அந்தப் பேச்சும் போயிடும்ல."

வெங்கடேஸ்வரன் டப்பாவிலிருந்து ஒரு பல்பை எடுத்தார். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். உள்ளே கம்பி முழுசாக இருந்தது. அதைப் பஞ்சிலேயே திரும்ப வைத்து, மூடியை அழுத்தி, டப்பாவை மனைவி கையில் கொடுத்தார்.

பிறகு சட்டைப் பையில் இருந்த செத்த பல்பை எடுத்து மூக்கனிடம் நீட்டினார்.

"இதையே மாட்டிடு."

வண்டியைப் பார்த்துக்கொண்டே சுந்தரவல்லியிடம் சொன்னார்:

"காஷ்மீரி கேட்ல ஒரு கடையில ஆறு வோல்ட் கிடைக்குமாம். நாளைக்குத் தேடிப் பாக்கணும். நீயும் வா."