கடலைக்கொல்லை வீட்டு வயலின்

வாசலில் ஆட்கள் கம்புகளோடு நிற்பதை ஜன்னல் வழியே பார்த்த அன்புமொழி, வயலினை அவசரமாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

ராகம், தாளம் எதையும் முன்கூட்டி முடிவு செய்யாமல், அந்த நொடியில் தோன்றுவதை வாசிக்கும் இசையில் அவள் ஆராய்ச்சி செய்கிறாள். "பூனையோட கழுத்தை நெரிக்கிற மாதிரி இருக்கு" என்று கீரனூரில் இரண்டு வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கடலைக்கொல்லை நடுவே இருக்கும் இந்த வீடும் போனால் ஆராய்ச்சியே நின்றுவிடும். வீட்டுக்காரர் ராக்கன் வேலியோரம் நின்று தன் வாசிப்பை முறைத்தபடி கேட்டதைப் பார்த்த அன்றே பயந்து வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

கதவு அதிர்ந்தது.

"தொறங்கம்மா கதவை!" ராக்கனின் குரல்.

திறந்தாள். "மன்னிச்சிருங்கய்யா. இனிமே வாசிக்கவே மாட்டேன்."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க! நீங்க நிறுத்துனதுலேருந்து மயிலெல்லாம் இறங்கி வெதைக்கடலையைக் கிளறித் திங்குது. கம்பெடுத்து வெரட்டி மாளலை."

"என் வாசிப்புக்கா மயில் வராம இருந்துச்சு?"

"ஆமாங்கிறேன். முன்ன வெடி போட்டோம், ஸ்பீக்கர்ல நாய் சத்தம் வச்சோம். ரெண்டே நாள்ல எல்லாம் அதுகளுக்குப் பழகிப்போச்சு. ஒங்க வாசிப்புலதான், எங்களுக்கும் சரி, மயிலுக்கும் சரி, அடுத்து என்ன வரும்னு பிடிபடவே மாட்டேங்குது!"