பழைய டெஸ்க்டாப்

“கம்ப்யூட்டர்னா இப்படி இருக்கணும், தமிழ்.” ரவிசங்கர் தன் மேஜைமேல் இருந்த மானிட்டரைத் திருப்பிக் காட்டினான். நீலத் திரை, கீழே சாம்பல் பட்டை, ஆங்கில மெனு, எல்லாம் பழையபடி இருந்தன.

தமிழ்வாணி அந்தத் திரையை எட்டிப் பார்த்தாள். கல்லூரியில் ஒன்றாகப் படித்த இருவரும் கூட்டாக ஆரம்பித்தது மதுரை பழங்காநத்தத்தில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். அட்மிஷனும் விளம்பரமும் அவன் பொறுப்பு. பாடமும் மிஷின்களும் அவள் பொறுப்பு.

வகுப்பறையில் இருந்த லினக்ஸ் மிஷின்கள் ரொம்பப் பழசு. பாதி வகுப்பில் அப்படியே நின்றுவிடும். அவள் போன வாரம் அவற்றில் திரை, மெனு எல்லாம் காட்டும் கனமான டெஸ்க்டாப் மென்பொருளைத் தூக்கிவிட்டு லேசான ஒன்றைப் போட்டாள். மெனுவைத் தமிழாக்கினாள், எழுத்தைப் பெரிதாக்கினாள். உசிலம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்கள் அன்றைக்குத்தான் பயமில்லாமல் மவுஸைப் பிடித்தார்கள்.

ரவிசங்கருக்கு அது பிடிக்கவில்லை. வசதியான கே.கே. நகர்க்காரர்கள் வந்து பார்த்தால் பட்டிக்காட்டு சென்டர் என்று சிரிப்பார்களாம். சாயங்கால வகுப்புக்குள் எல்லாவற்றையும் பழையபடி மாற்று, இல்லையென்றால் கூட்டை முறித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டான்.

அவளும் உசிலம்பட்டிப் பக்கம்தான். அம்மா தங்கப்பொண்ணு அடுத்தவர் காட்டில் களையெடுத்துப் படிக்கவைத்த பெண். அந்தப் ‘பட்டிக்காட்டு’ என்ற சொல் சுருக்கென்று தைத்தது.

“மாத்த மாட்டேன். முறிக்கணும்னா முறிச்சுக்க. என் பங்கு மிஷினைத் தூக்கிட்டுப் போயி எங்க ஊர்லயே சென்டர் போடுறேன்” என்றாள்.

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. சற்று இறங்கி வந்தான்.

“நான் என்ன தமிழுக்கு எதிரியா? வேலைக்கு ஆகாதுங்கறேன். இந்தா, என் மிஷினும் முன்னாடி மக்கர் பண்ணுச்சு. பொங்கலுக்கு நீ சரிபண்ணிக் குடுத்ததுக்கப்புறம் ஒரு தடவை நின்னுருக்கா? பழசுன்னா பழசுதான். உன்னோட அந்தப் புது டெஸ்க்டாப்புல ஒருத்தன் ஒரு நாளாச்சும் உருப்படியா வேலை பாக்க முடியுமா, சொல்லு.”

தமிழ்வாணி நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“பொங்கல்ல இருந்து நீ அதுலதான் வேலை பாக்குற ரவி, மேல்வேஷம் மட்டுந்தான் பழசு.”