நெஞ்சில் கட்டிய பட்டை

“இவர் நெஞ்சுல கட்டியிருந்த பட்டை அனுப்பின துடிப்பை வச்சு, கம்ப்யூட்டருக்குள்ள இவர் இதயத்துக்கு ஒரு இரட்டையை உருவாக்கிட்டோம்மா” என்று டாக்டர் திரையைக் காட்டினார். அதில் அந்த இதயம் திணறித் திணறித் துடித்தது. “ஒரு மாசக் கணக்கு, பொய் சொல்லாது. நாளைக்கே ஆபரேஷன்.”

“எனக்கு ஒண்ணும் பண்ணலையே” என்று கட்டிலில் முனகினார் கணவர்.

“உங்களுக்குத் தெரியாது சார். இதுக்குத் தெரியும்.”

மனைவி டாக்டர் பக்கம் நகர்ந்தாள். “டாக்டர், திட்டக்கூடாது.”

“சொல்லுங்கம்மா.”

“அரிக்குதுன்னு இவர் முதல் நாளே கழட்டி வீசிட்டார். சொன்னா கேட்கிற மனுஷனா? நீங்க கோவிச்சுப்பீங்கன்னு, மாசம் பூரா நான்தான் என் நெஞ்சுல கட்டிட்டிருந்தேன்.”

டாக்டர் திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

கணவர் மெதுவாகக் கட்டிலைவிட்டு இறங்கி, தலையணையைத் தட்டிப் போட்டார்.

“நீ வந்து படு.”